குளிர்காற்று கிட் கொடுத்தது சுடுகாற்று: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: விளம்பரத்தில் காட்டிய ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) இல்லாமல் வந்த ஏர் இன்டேக் கிட்

வணக்கம்.

என்னிடம் இருப்பது 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் எஞ்சின், காற்றை அழுத்தி அதற்குள் தள்ள ஒரு டர்போ, 105 குதிரைத்திறன். ஒன்பது வருடம் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டினேன். அதில் நான் செய்த முதல் மாற்றமே, எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொடுக்க வேண்டிய உங்கள் ‘கோல்டு ஏர் இன்டேக்’ கிட்தான். விலை ₹18,500. மாட்டுக்கூலி தனியாக ₹1,500.

பெட்டியைப் பிரித்த அன்றே சந்தேகம் வந்தது. விளம்பரப் படத்தில் ஃபில்டரைச் சுற்றி ஒரு கறுப்புத் தகடு, அதன் விளிம்பில் ரப்பர் பீடிங் எல்லாம் அழகாக இருந்தது. பெட்டியில் இருந்ததோ ஒரு கூம்பு ஃபில்டர், ஒரு சிவப்பு சிலிக்கான் ஓஸ், மூன்று கிளாம்ப், ஸ்டிக்கர் இரண்டு. போன் செய்தால், “அது ஆப்ஷனல் சார், தனியா வாங்கிக்கணும்” என்றார் உங்கள் ஊழியர். படத்துக்குக் கீழே அப்படி ஒரு வார்த்தை இல்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

சரி, மாட்டித்தான் பார்ப்போமே என்று மாட்டினேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் டர்போ மூச்சு இழுப்பது உள்ளே வரை கேட்கும். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்திலேயே பிக்கப் கூடிவிட்டதாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். வீட்டு மீன் தொட்டிக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதன் ஒயரை ஃபில்டர் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, டிஸ்ப்ளேவைக் கண்ணாடி வழியாக உள்ளே இழுத்துக்கொண்டேன். மதியம் அவினாசி சாலையில், லட்சுமி மில்ஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் 61 டிகிரி. மறுநாள் அதே நேரம், அதே சாலை, வண்டியோடு வந்த பழைய ஏர் பாக்ஸை (ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) மாட்டிக்கொண்டு அதன் வாயில் அளந்தேன். 38. வெளியே 34.

கம்பெனி ஏர் பாக்ஸ் முன் கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. உங்கள் ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்து எஞ்சின் சூட்டையே குடிக்கிறது. காற்று 38-லிருந்து 61-க்குப் போனால் அடர்த்தி நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். பள்ளிக்கூட இயற்பியல்தான் இது. டர்போ கூடுதலாகச் சுற்றி அதை ஈடுகட்டப் பார்க்கும், அதில் காற்று இன்னும் சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வராமல் இருக்க, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தீப்பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை குறையும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஓரளவுதான் காப்பாற்றும்.

கிட்டை மாட்டினால் கூடுதலாக ‘15 குதிரைத்திறன் உறுதி’ என்று நீங்கள் எழுதியிருப்பது அடுத்த விஷயம். இந்த எஞ்சினில் எவ்வளவு பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், என்பதை ஈசியு முடிவு செய்கிறது. அதற்குள் இருக்கும் மேப்பை (கணக்கு அட்டவணை) தொடாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால், ஈசியு தன் பழைய இலக்கோடு நிறுத்திக்கொள்ளும். 105-ஐ 120 ஆக்கியது எந்த டைனோவில் (குதிரைத்திறனை அளக்கும் கருவி), எந்த வண்டியில்? அந்தச் சோதனைத் தாளை மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் பதிலாக வந்தது ஒரு தம்ஸ்-அப் எமோஜி.

இவ்வளவோடு போயிருந்தால் நானே விட்டுத் தொலைத்திருப்பேன். பதினொன்றாம் நாள் பொள்ளாச்சி சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும்போது, பாதியில் வண்டியின் இழுவை சொத்தென்று விழுந்தது. எதிரே பஸ். பிரேக் அடித்துப் பின்வாங்கினேன், பக்கத்தில் என் மனைவி. செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தால் பி0299 என்ற பிழைக் குறியீடு, அதாவது பூஸ்ட் போதவில்லை. பானெட்டைத் திறந்த மெக்கானிக், உங்கள் சிவப்பு ஓஸை இரண்டு விரலால் அழுத்திக் காட்டினார். வெந்த முருங்கைக்காய் மாதிரி நசுங்கியது. வளைவில் ஏற்கெனவே ஒரு மடிப்புக் கோடும் விழுந்திருந்தது. டர்போ முழு வேகத்தில் உறிஞ்சும்போது ஓஸ் உள்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. உள்ளே கம்பிச்சுருள் வைத்த ஓஸாக இருந்தால் இது நடந்திருக்காது. பழைய ஏர் பாக்ஸை மாட்டி, அந்தப் பிழைக் குறியீட்டை அழித்த பிறகு அது திரும்ப வரவே இல்லை.

‘வாரன்டி பாதிக்காது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் வண்டிக்கு வாரன்டி முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, எனக்கு நஷ்டமில்லை. புது வண்டிக்காரர் யாராவது இதை நம்பி மாட்டினால் அவர் கதி என்ன?

கிட் விலையும் மாட்டுக்கூலியும் சேர்த்து ₹20,000 திருப்பித் தர வேண்டும். அந்தப் படத்தையும், 15 குதிரைத்திறன் என்ற வரியையும் நீக்க வேண்டும். இதே ஓஸை வாங்கிய மற்றவர்களுக்கு நீங்களே எச்சரிக்கை அனுப்ப வேண்டும். எனக்குப் பணத்தைவிட இதுதான் அவசரம். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

கிட்டைத் துடைத்து, வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஓஸில் மடிப்பு விழுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன். எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், ஸ்கேன் அறிக்கை, தெர்மாமீட்டர் படங்கள் இரண்டு