சிக்வின்: மறுபடி நிறுவுவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் கணினியில் யூனிக்ஸ் கட்டளைகளைப் பழக சிக்வின் என்ற மென்பொருளை நிறுவும் முறையை விளக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘ஃபினிஷ்’ பொத்தானோடு முடிந்துவிடுகின்றன. புதியவர்கள் தடுமாறுவதோ அதற்கு அடுத்த நிமிடத்தில்தான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ (கட்டளை கிடைக்கவில்லை) என்று வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், பிழை அப்படியே இருக்கிறது. தங்கள் கணினிப் பக்கத்தில் நிறுவும் முறையோடு, அதற்குப் பிந்தைய சோதனைகளையும் வெளியிட வேண்டுகிறேன்.

எல்எஸ் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம், சிக்வினின் ‘பின்’ (bin) ஃபோல்டரில் உள்ள, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரலை நேரடியாகத் திறப்பது. அப்படித் திறந்தால், தொடக்க அமைப்புகளைப் படிக்கும் லாகின் ஷெல்லாக அது ஓடாது. ஈடிசி ஃபோல்டரில் உள்ள புரொஃபைல் கோப்பு படிக்கப்படாது. கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலான பாத் மாறியில் /யூஎஸ்ஆர்/பின் சேராது. சிக்வின் டெர்மினல் குறுக்குவழியில் நுழைந்தாலே இது சரியாகிவிடும்.

இன்னும் குழப்பமானது, கட்டளை கிடைத்தும் தவறாக நடப்பது. ஃபைண்ட், சார்ட் என்ற பெயர்களில் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரிலும் நிரல்கள் உண்டு. பாத் வரிசையில் அது முன்னால் இருந்தால் விண்டோஸின் ஃபைண்ட்தான் ஓடும். ‘பாராமீட்டர் ஃபார்மட் நாட் கரெக்ட்’ என்ற செய்தி அதன் அடையாளம். டைப் என்று எழுதி, இடைவெளி விட்டு, ஹைஃபன் ஏ, பிறகு ஃபைண்ட் என்று அடியுங்கள். அந்தப் பெயருள்ள நிரல்கள் எல்லாம் தேடப்படும் வரிசையிலேயே வரும். முதல் வரியில் சிஸ்டம்32 தெரிந்தால், வீட்டு (ஹோம்) ஃபோல்டரில் உள்ள பாஷ் அமைப்புக் கோப்புகளில் யாரோ பாத்தை மாற்றியிருக்கலாம்.

நிரலாக்கக் கருவிகளான ஜிசிசி, மேக் (make), கிட் ஆகியவை இல்லை என்றால் அது பிழையே அல்ல. இயல்பாக நிறுவப்படுவது அடிப்படைத் தொகுப்பு மட்டுமே. மற்றவற்றைச் சேர்க்க அதே செட்டப் நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் அதை அழித்துவிடாதீர்கள். வியூ பட்டியலை ‘ஃபுல்’ என்று மாற்றி, வேண்டிய பொதியின் (மென்பொருள் தொகுப்பின்) எதிரே ‘ஸ்கிப்’ என்றிருப்பதைப் பதிப்பு எண்ணாக மாற்றினால் போதும். அதற்கு முன் திறந்திருக்கும் சிக்வின் சாளரங்களை எல்லாம் மூடிவிட வேண்டும்.

நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஓடாமல், பிழைச் செய்தியில் பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் தெரிந்தால், வரி முடிவுகளே காரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற இரண்டு குறியீடுகளை வைக்கிறது. யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய 13-ஐக் கட்டளையின் பகுதியாகவே பாஷ் படித்துவிடுகிறது. டாஸ்2யூனிக்ஸ் பொதியைச் சேர்த்து அந்தக் கோப்பின் மீது ஓட்டினால் தீரும்.

மிகக் கடினமானது ஃபோர்க் பிழை. ஓடும் நிரல் தன்னையே நகலெடுத்து இன்னொன்றைத் தொடங்கும் ஃபோர்க் என்ற வசதி விண்டோஸில் இல்லாததால், தாய் நிரலின் நினைவகத்தைச் சேய் நிரலுக்குள் சிக்வின் தானே நகலெடுக்கிறது. அதற்கு, நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் டிஎல்எல் கோப்புகள் இரண்டு நிரல்களிலும் ஒரே நினைவக முகவரியில் அமைய வேண்டும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் தம் டிஎல்எல்லை இடையில் புகுத்தி இதைக் குலைக்கின்றன. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவது பல நேரம் போதாது; நீக்கிப் பார்த்தால்தான் தெரியும். நீக்கிய கணினியில் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகும் பிழை நீடித்தால், டிஎல்எல் முகவரிகளை மறுபடி ஒழுங்குபடுத்தச் சொல்லும் ரீபேஸ்-ட்ரிக்கர் ஃபுல்ரீபேஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு, செட்டப்பை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

பிறரிடம் உதவி கேட்கும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. சிக்வின் நிறுவலைச் சோதிக்கும் சிக்செக் கட்டளையை எஸ், வி, ஆர் என்ற மூன்று தெரிவுகளோடு ஓட்டி, வெளியீட்டை இணையுங்கள். வேறு மென்பொருளோடு வந்த இரண்டாவது சிக்வின்1 டிஎல்எல் பாத்தில் ஒளிந்திருந்தால்கூட அது காட்டிக்கொடுக்கும். அனுப்பும் முன், அந்த வெளியீட்டில் வரும் சூழல் மாறிகளில் (பாத் போன்ற அமைப்பு மதிப்புகளில்) கடவுச்சொல் ஏதும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்