நாணயசாலை அரசின் கையிலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நோர்வே 2003 இல் தனது கொங்ஸ்பெர்க் நாணயசாலையை விற்றது. பிரித்தானியாவோ தனது நாணயசாலையான ரோயல் மின்ட்டை 2009 இறுதியில் கம்பனியாக்கிய பின்னரும் அதன் முழு உரிமையையும் திறைசேரியிடமே வைத்திருக்கிறது. இரண்டாவது வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து. புழக்க நாணயத்தை வாங்குபவர் அரசு ஒன்றே என்னும்போது, இலாபம் தேடும் முதலாளி நினைவு நாணயங்களிலும் தங்கக் காசுகளிலும் காட்டும் அக்கறையை ஒரு ரூபாய்க் குற்றிக்காசில் காட்டமாட்டார். அரச உடைமை மட்டும் போதாது என்பதையும் ஏற்கிறேன். வெளிநாடுகளுக்கு நாணயம் செய்வதை 2024 டிசம்பருடன் நிறுத்துவதாக அறிவித்ததும் அதே ரோயல் மின்ட்தான்.

சொந்த நாணயசாலை இல்லாத இலங்கையில், மத்திய வங்கி பிறநாட்டு ஆலைகளில் செய்வித்தே நாணயங்களை வெளியிடுவதால், இது நமக்குத் தூரத்து விவகாரம் அன்று. மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் கடைகளில் மிச்சக்காசுக்குப் பதிலாக டொபி நீட்டப்படும்போது, அன்றாடக் கூலியில் வாழ்பவர்களே அந்த இழப்பைச் சுமக்கிறார்கள். நாணயங்கள் எந்த ஆலையில், என்ன விலைக்குச் செய்விக்கப்படுகின்றன என்பதை மத்திய வங்கி ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மாங்குளம்.