பால் கணக்கு எழுதிய நோட்டீஸ்களுக்கு

அனைவருக்கும், ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், கட்டுகிற ஒருத்தியின் வணக்கம்.

கலைஞர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவித்தொகைப் பட்டியலில் விடுபட்ட எங்கள் பெயர்கள் எல்லாம் திரும்ப ஏறிவிட்டன. நேற்று சாயங்காலம் செய்தி வந்தது. ராத்திரி தூக்கம் இல்லை. முழித்திருப்பது எங்களுக்குப் புதிதில்லைதான், முப்பது வருஷமாகப் பத்து மணிக்கு மேல்தான் எங்கள் பொழப்பே. ஆனால் அரிதாரம் இல்லாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தது நேற்றுத்தான். பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நாங்கள் உட்கார்ந்து போராடியது மதுரையில் எல்லோருக்கும் தெரியும், மறுபடி விரிவாகச் சொல்லப்போவதில்லை.

நன்றியை யாரிடமிருந்து தொடங்குவது என்று சங்கத்தில் பெரிய பேச்சு. எனக்குச் சந்தேகமே இல்லை. மேலூர்ப் பக்கத்துப் பால்கார ஐயாவுக்குத்தான் முதல் கும்பிடு.

“கலைஞர் என்பதற்கு என்னம்மா ஆதாரம்?” என்று அதிகாரிகள் கேட்டார்கள் இல்லையா, அந்தக் கேள்வியில்தான் நாங்கள் விழுந்தோம். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. கதாநாயகன் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்க வைக்கிற பபூன் வேறொரு ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். விடிந்தால் சம்பளத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவோம். எந்த ஊர் விழாக் கமிட்டி ரசீது கொடுத்திருக்கிறது? நாங்கள் ஆடியதற்கு ஒரே சாட்சி, படம் போட்டு அடிக்கிற நோட்டீஸ். அதிலும் மறுநாள் வடை மடித்துவிடுவார்கள். நான் சேர்த்து வைத்திருந்த கட்டைக் கரையான் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு, நோட்டீஸில் ஊர்ப் பெயரோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா வைத்த பெயர்.

போராட்டத்தின் மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஒரு பெரியவர் தோளில் உரச்சாக்கோடு வந்து எங்கள் முன்னால் இறக்கினார். “வள்ளி கட்டுன புள்ள யாரு?” என்றார். அங்கே இருந்த ஒன்பது பெண்களும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி கட்டியவர்கள்தான்! சாக்கைப் பிரித்தார். மேலே பிள்ளையார் சுழி, ‘முத்தாலம்மன் துணை’, கீழே வட்ட வட்டமாக எங்கள் முகங்கள். இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சைத் தாள்கள். 1989-லிருந்து அடுக்கடுக்காக இருந்தன. சிலவற்றின் மூலையில் ஆணி ஓட்டை. ஒன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு சரியாக என் முகத்தின் மேல் காய்ந்து கிடந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். மூக்குத்தி தெரிந்தது, கண் தெரிந்தது. அதற்கு மேல் எனக்குப் பார்க்க முடியவில்லை.

எதற்காக ஐயா இதையெல்லாம் வைத்திருந்தீர்கள் என்றால், “பின்னாடி வெள்ளையா இருக்குல்ல தாயி, பால் கணக்கு எழுதத்தான்” என்றார். நாடகத்தின் மேல் பித்து என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன்.

பெயர் வேறாக இருக்கிறதே என்று ஆபீஸ் உள்ளே இழுத்தடித்தபோதும் அவர்தான் சாட்சிக்கு வந்தார். “வள்ளி தெனப்புனத்துல நிக்கிறப்ப மழை கொட்டுச்சு. இந்தப் புள்ள சேலையால ஆர்மோனியத்தப் போத்திக்கிட்டு நின்னுச்சு. நாம் பாத்தேன்” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: “ஊருக்குள்ள தலைக்கட்டு வரி போட்டுத்தான் இவுகளக் கூட்டியாந்தோம். நானும் வரி குடுத்தவன். இவுகளுக்குச் செய்யச் சொல்லிக் கேக்க எனக்கு உரிமை இருக்கா இல்லையா?”

எத்தனை கூட்டத்தில் பேசினோம், எத்தனை மனு எழுதினோம். எங்களுக்கு இந்த வார்த்தை தோன்றவில்லை. 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது மானியமா இருந்தது என்று ஒருவர் எங்களை மடக்கப் பார்த்தார். மானியம் இல்லை, வீட்டுக்கு வீடு வசூலிக்கிற ஊர் வரி இருந்தது. அதுவும் பொதுப் பணம்தானே? இப்போது ஊர் வரி ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகிறது. அதைக் குற்றம் சொல்லவில்லை, ஊருக்குப் பிடித்தது நடக்கட்டும். அரசாங்கத்துக்குக் கொடுக்கிற வரியில் எங்கள் பங்கு என்ன, யாருக்கு எவ்வளவு, எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று எங்கள் நோட்டீஸ் மாதிரி சுவரில் ஒட்டுங்கள் என்கிறோம்.

பணத்துக்காகத்தான் உட்கார்ந்தார்கள் என்று பேசியவர்களுக்கு: ஆமாம், பணத்துக்குத்தான். பங்குனி, சித்திரையில் மாதம் 3,000 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் அதுதான் அரிசி, அதுதான் மாத்திரை. திருமங்கலத்து நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் 1940-ல் முருகன் வேஷத்தில், மயில் மேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எங்கள் ஆர்மோனியக்காரருக்கு 71 வயது, கண்ணில் புரை. அவரும் மேடையில்தான் போகவேண்டும் என்று விட்டுவிட முடியுமா?

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொல்ல இடமில்லை. காசு வாங்காமல் மனு எழுதித் தந்த மரத்தடி அண்ணன், படிவம் நிரப்பிய கல்லூரிப் பிள்ளைகள், தங்கள் பெயர் பட்டியலில் பத்திரமாக இருந்தும் எங்களோடு வந்து உட்கார்ந்த பறையாட்டக் குழு, கரகாட்டத் தங்கச்சிகள், மூன்று வேளையும் தண்ணீர்ப் பானையை நிரப்பிய எதிர்வீட்டு அம்மா, எல்லோருக்கும் கும்பிடு. நாங்கள் சங்கத்தில் ஒரு பேரேடு வாங்கிவிட்டோம். இனி எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் என்று ஆடின மறுநாளே எழுதிவிடுவோம்.

ஐயா, நோட்டீஸ்களை ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. கட்டு கலையாமல் சாக்கிலேயே இருக்கிறது. பின்பக்கக் கணக்கை நான் படித்தது தப்புத்தான், மன்னிக்கணும். 1996 நோட்டீஸ் ஒன்றில் ‘நாடக செட்டு, விடியக்கால டீக்கு 3 லிட்டர், காசு வரல’ என்று இருக்கிறது. அன்றைக்கு அந்த டீயைக் குடித்தவர்களில் நானும் ஒருத்தி. செவ்வாய்க்கிழமை சாக்கைக் கொண்டுவருகிறோம், பாக்கியோடு.