பழவேற்காடு முகத்துவாரத்தைக் கோடைக்கு முன்பே தூர்வாரக் கோரி மனு

அனுப்புநர்:
ஏரித் தொழில் செய்யும் குடும்பங்கள்,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: ஆண்டுதோறும் மாசி மாதத்திலேயே முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்கள் பழவேற்காடு ஏரிதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருந்தாலும், கடல்நீர் வந்து போகும் முக்கிய வழி எங்கள் ஊர் முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளி அதைத் திறந்துவிடும். ஆற்றில் தண்ணீர் நின்றதும் அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து குவிக்கும். மழை குறைந்த வருஷம் என்றால் சொல்லவே வேண்டாம்.

இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது ஏரியில். மடவை மீன் இங்கே வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும். வழி அடைத்தால் இரண்டுமே நின்றுபோகும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் வற்றி உப்பு ஏறும். படகுகள் மணல் திட்டில் தட்டிக் கவிழும் ஆபத்து வேறு.

வலையும் படகும் இல்லாத இருளர் பெண்களுக்குத்தான் அடி முதலில் விழுகிறது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். வழி அடைத்திருந்த ஒரு கோடையில், விடிகாலை இறங்கிய ஒரு அக்கா மதியம் கரையேறியபோது பறியின் அடிகூட மூடவில்லை. விரல் நுனிகள் வெடித்திருந்தன.

1980 முதல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமும்கூட. பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் வரும் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, இதே சேற்றைத்தான் அலகால் அலசி இரை தேடுகின்றன. கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் வேண்டியது எங்களுக்கு வேண்டிய அதே மீன். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது இறக்கை சிவந்து விரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், இன்னும் வலையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறோம்.

எனவே, ஒவ்வொரு ஆண்டும் தை மாதத்துக்குள் ஆழம் அளந்து, மாசியிலேயே தூர்வார உத்தரவிட வேண்டுகிறோம். முழுக்க அடைத்த பிறகு இயந்திரம் வந்தால் அந்த வருஷத்து இறால் குஞ்சு போனது போனதுதான். அப்புறம், அள்ளிய மணலை முகத்துவாரத்து ஓரமே கொட்டினால் அலை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். பறவை மேயும் சேற்றுத் திட்டிலும் கொட்டக் கூடாது. மீன்வளத் துறை, வனத் துறை அலுவலர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்களோடு படகில் வந்து பார்த்து இடத்தை முடிவு செய்யட்டும். நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது எங்கள் பெரியவர்களுக்கு அத்துப்படி. தாங்கள் சொல்லும் நாளில் படகோடு காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பழவேற்காடு ஏரித் தொழிலாளர் குடும்பங்கள்