கேஸ்காரன் வந்தான், அதிபர் வந்தார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான குழந்தை வளர்ப்புக் கட்டுரையில், "மனத்தில் பண்பு இருந்தால் போதும், பேச்சில் என்ன இருக்கிறது" என்றொரு வரி வந்திருந்தது. 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, அதைப் படித்ததிலிருந்து, இத்தனை காலம் கரும்பலகையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தது வீண்தானோ என்று தோன்றிக்கொண்டேயிருக்கிறது.

நன்னூல் இலக்கணம் அறிந்த தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம், அதாவது அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது, என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இரண்டு மதிப்பெண்ணுக்காக இருக்கலாம். அவ்வழக்கு பிறந்தது கேட்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக. என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர், நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆயினும் வாசலைத் தாண்டும்போது "போறேன்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "போயிட்டு வாரேன்" என்பார். விளக்கை "அணை" என்று நாங்கள் சொன்னால், "அமத்துன்னு சொல்லு கண்ணு" என்று அங்கேயே திருத்துவார். நீதிபோதனை வகுப்பு எதுவும் இல்லாமலேயே, எதிரில் இருப்பவரை நினைத்துவிட்டு வாயைத் திறக்க எங்கள் ஐந்து பேரையும் பழக்கிவிட்டார்.

அதே ஊரில்தான், பத்து வயதுப் பிள்ளைகள் துணி வெளுக்கும் அறுபது வயதுப் பெரியவரை "வாடா, போடா" என்று அழைத்ததையும் கேட்டு வளர்ந்தேன். அதையும் யாரும் பாடம் வைத்துச் சொல்லித்தரவில்லை. பெரியவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

சென்ற மாதம் வாசலில் சிலிண்டரை இறக்கிவைத்து நின்றவரைப் பார்த்து, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் "அம்மா, கேஸ்காரன் வந்திருக்கான்" என்று கூவினான். நான் அதட்டினேன். "நேத்து போன்ல நீங்கதானே தாத்தா, கேஸ்காரன் இன்னும் வரலைன்னு சொன்னீங்க" என்றான். அந்தப் பெரியவர் காதில் அது விழாதது போல் ரசீதில் கையெழுத்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டே போட்டுக் கொடுத்தேன்.

என் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு தங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பேரன் எழுத்துக்கூட்டிப் படிப்பது தங்கள் நாளிதழின் தலைப்புகளைத்தான். பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய நிதி நிறுவன அதிபர் அதில் "கைதானார்". பேருந்தில் செல்போன் திருடிய இளைஞன் "சிக்கினான்". அமைச்சரின் உறவினர் "காலமானார்". சாக்கடைக் குழியில் இறங்கிய தொழிலாளி "பலி". யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பித்துவிட முடியாது. பேச்சில் ஒன்றுமில்லை என்றால், அதிபருக்கு மட்டும் அந்த "ஆர்" எதற்கு ஐயா?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. செய்தியில் வருபவர் யாராயினும் "ஆர்" விகுதியிலேயே எழுதுமாறு செய்திப் பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினால் போதும். "ன்" போய் "ர்" வரப்போகிறது. மை கூடுதலாகச் செலவாகாது. இதே வேண்டுகோளுடன் முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் இடநெருக்கடியால் வெளிவரவில்லை என்றே எண்ணிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.