நம் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடியது. மருத்துவர் தினமும் ஆசிரியர் தினமும் வழக்கம்போல் நடந்தன. பெருந்துறையில் ரத்ததான முகாம் நடத்தினோம். ஓய்வு பெற்றவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்தோம்.

இனி, சீனியர்கள் இளைய ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் பணி வழிகாட்டல் திட்டம். இந்த ஆண்டு என் உழைப்பில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1966இல் தொடங்கிய கோவைக் கல்லூரியில் ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து அறையில் சீனியர் இருப்பார். புதிய கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொபசர் யாரிடம் போய்க் கேட்பார்? அடுத்த படியான அசோசியேட் புரொபசர் ஆவதற்கு நான்கு ஆண்டு சர்வீஸ் மட்டும் போதாது. பப்ளிகேஷன், அதாவது வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும், மருத்துவக் கல்விப் பயிற்சியும் ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். பலர் பிரமோஷன் நெருங்கிய பிறகுதான் இவற்றைத் தேடி ஓடுகிறார்கள். 2025 ஜூலையில் வந்த புதிய விதிகளால், சாதாரண அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய ஸ்பெஷலிஸ்ட்களும் ஆசிரியர்களாக வரலாம். அவர்களுக்கும் கைகொடுக்க ஆள் வேண்டும்.

ஆகவே மாதம் ஒரு ஞாயிறு காலை, ஒரு புரொபசருடன் இரண்டு மூன்று இளையவர்கள் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தேன். நாமக்கல் பக்கமிருந்து வந்த பதாலஜி ஆசிரியை ஒருவர், தன்னிடம் ஆராய்ச்சி என்று ஒன்றுமே இல்லை என்றார். பேசப் பேச, தைராய்டு பரிசோதனை முடிவுகளை அவர் ஒழுங்காகப் பதிந்து வைத்திருப்பது தெரிந்தது. அதையே ஆராய்ச்சியாக்க, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பம் எழுதும் வேலை அன்றே தொடங்கியது. திட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

தலைமைப் பயிற்சியும் அவசியம். ஹெச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர் ஆன மறுநாளே டியூட்டி ரோஸ்டர், யூனிட்டுகளுக்குள் பிணக்கு, பிஜி (முதுநிலை) மாணவரின் மன உளைச்சல், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் ஒருவர் தலையில் விழுகின்றன. சீனியாரிட்டி நாற்காலியைத் தரும். அதில் உட்கார்ந்து செய்யும் வேலையைத் தராது. “அதெல்லாம் தன்னால வரும்ங்க” என்று செயற்குழுவிலேயே சொன்னார்கள். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிப் பெண் ஆசிரியர்களைத் தலைமைப் பொறுப்புக்குத் தயார் செய்யும் பயிற்சி 1995 முதல் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மருத்துவக் கல்வியோடு தலைமைத் திறனையும் கற்றுத்தரும் ஃபைமர் ஃபெலோஷிப் கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியிலேயே உண்டு. நம் உறுப்பினர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியவில்லை.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டப் பெயர் கொடுத்த சீனியர்களில் பாதிப்பேர் வரவே இல்லை. முகூர்த்த நாள் என்றார்கள், தோட்டத்தில் ஆள் விட்டிருக்கிறது என்றார்கள், கிளினிக்கை விட முடியவில்லை என்றார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வாரம் முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு விடிகாலை பஸ் பிடித்து வந்த பிள்ளைகள், காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பியது எனக்குப் பொறுக்கவில்லை. முன்கூட்டி ஒரு போன் செய்திருந்தால் வேறொருவரை அழைத்திருப்பேன்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். சந்தா நிலுவைதான் முக்கியக் காரணம்; மண்டப வாடகையையே தள்ளித்தான் கொடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டினால் கும்பிடு படம் வருகிறது, பணம் வருவதில்லை.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் தந்த கல்லூரி நிர்வாகத்தினர், தேநீர் ஏற்பாடு செய்த அலுவலக உதவியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் யார் இருந்தாலும் திட்டம் நிற்கக் கூடாது. நானே தொடர வேண்டும் என்று பொதுக்குழு விரும்பினால் தொடர்கிறேன். ஆனால் மாதத்துக்கு ஒரு புரொபசர் என்று பன்னிரண்டு பேர் உறுதியாக வேண்டும். ஆண்டில் ஒரே ஒரு ஞாயிறு காலைதான் கேட்கிறேன். எந்த மாதம் தோதுப்படும் என்பதைச் சாப்பாட்டுக்குப் போகும் முன் பொருளாளரிடம் எழுதிக் கொடுங்கள். சந்தா பாக்கியையும் அவரே வாங்கிக்கொள்வார்.

செயலாளர்