மெட்ரோவுக்கு முன் பேருந்துத் தடம்

ஆசிரியருக்கு,

சேலத்துக்கு மெட்ரோ வேண்டும் என்போர் கணக்கையும் பார்க்கட்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு ரூ.63,246 கோடி, அதாவது கி.மீ.க்கு 530 கோடிக்கு மேல். டிராம் போலச் சாலையிலேயே ஓடும் இலகு ரயில் இதைவிட மலிவுதான். ஆனால் தண்டவாளம், மேல்நிலை மின்கம்பி, பணிமனை எல்லாம் புதிதாக வேண்டும்.

சாலையில் திசைக்கு 3.5 மீட்டர் ஒதுக்கினால் பேருந்து மட்டுமே ஓடும் தனித் தடம் தயார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் 60 பேர் என்றால் மணிக்கு 1,800 பேர். அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. நடைமேடையும் பேருந்துத் தளமும் ஒரே உயரத்தில் இருப்பதே அதன் உயிர்நாடி. பூக்கூடையோடு வரும் அம்மா படி ஏறத் திணற வேண்டாம், வண்டியும் நிறுத்தத்தில் தேங்காது. டெல்லியில் தடத்துக்குள் பிற வாகனங்கள் புகுந்தன, சிக்னலிலும் நெரிசல். 2016-இல் கலைத்தே விட்டார்கள். தடுப்பும் கண்காணிப்பும் இல்லாத வெறும் வெள்ளைக்கோடு இங்கும் தோற்கும்.

சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் மேம்பாலத் தூண்கள் நடுச்சாலையில் நிற்கின்றன. அங்கே ஓரத் தடமும், பேருந்துக்கு முதலில் பச்சை காட்டும் சிக்னலும்தான் சாத்தியம்.

இன்னொன்று: சேலம் ஜங்ஷன், மார்க்கெட், டவுன், அயோத்தியாப்பட்டணம் நிலையங்கள் வழியே விருத்தாசலம் ரயில் பாதை ஏற்கெனவே கிடக்கிறது. காலை, மாலை அதில் குறுந்தூர ரயில்களைக் கூட்டுங்கள்.

– வாசகர், சூரமங்கலம், சேலம்